மார்க்கெட்டில் ரெஜினா பார்த்ததும், என்னைப் பார்த்தவர்களும்

ரெஜினாவின் முனைவர் பட்ட ஆய்வுக்கான கடைசிக் களப்பணி வரும் ஞாயிற்றுக்கிழமை. இடம், குளுவாங் காலை மார்க்கெட். தகவலைத் தந்தவர் ரெஜினாவேதான். நேற்று மாலை எங்கள் பழைய வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் எழுதியிருந்தார்.

எல்லோரும் கைதட்டும் படம் அனுப்பினார்கள். நானும் அனுப்பினேன்... கொஞ்சம் தாமதமாக.

அனுப்பிய கையோடு மூக்கில் ஏறியது அந்த மார்க்கெட்டின் வாடை. ஈரச் சிமெண்டு, மீன், நசுங்கிய கொத்தமல்லி, கோப்பிக் கடைப் புகை.

பல வருடங்களுக்கு முன்பு நான் கத்துக்குட்டி நிருபர். ஜொகூர் பாருவில் மாலை நேரக் கல்லூரியில் உளவியல் படித்தேன். ரெஜினா என் வகுப்புத் தோழி, ஜொகூர் பாருக்காரி. ஆய்வு முறைகள் பாடத்துக்கு எங்கள் இருவருக்கும் ஒரே வேலை: மக்கள் எப்போது பேரம் பேசுகிறார்கள், எப்போது பேசாமல் வாங்குகிறார்கள் என்று கவனித்து, தனித்தனியாக எழுத வேண்டும். விதி ஒன்றுதான். கவனிப்பது யாருக்கும் தெரியக்கூடாது. தெரிந்தால் நடத்தை மாறிவிடும்.

குளுவாங்கைத் தேர்ந்தெடுத்தது நான்தான். என் ஊர். எனக்குத் தெரியாத ஆளே கிடையாது என்று பெருமையாகச் சொன்னேன்.

தவறு அங்கேயே நடந்துவிட்டது.

காய்கறிக் கடை ஓரம் போய் நின்றதுமே லெட்சுமி அக்கா பிடித்துக்கொண்டார்.

"டேய், நீ மாணிக்கண்ணன் மவன்தானே? எவளுக்குடா காவல் நிக்கிற?"

"சும்மாதான்க்கா..."

"அலமாக்! சும்மா நிக்கிறவன் இந்தப் பைய புடி லா. அந்த அம்மாவ பஸ்ல ஏத்தி விட்டுட்டு வா."

பை தூக்கினேன். திரும்பி வந்தால் இன்னொரு பை. அப்பாவுக்கு முதுகுவலி எப்படி, தங்கச்சிக்கு வரன் வந்ததா... பதில் சொல்லிச் சொல்லியே காலை போயிற்று. பேரம் ஒன்றைக்கூட நான் பார்க்கவில்லை.

ரெஜினா எதிரே கோப்பிக் கடையில் உட்கார்ந்திருந்தார். அவரை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

அடுத்த வாரம் வகுப்பில் அவர் தன் அறிக்கையை வாசித்தார். பை தூக்கும் ஓர் இளைஞன் பக்கத்தில் வரும்போதெல்லாம் பேரம் நின்றுவிடுகிறது. தெரிந்த வீட்டுப் பிள்ளை எதிரில் விலை குறைத்துக் கேட்க மக்கள் கூச்சப்படுகிறார்கள். கடைக்காரரும் கேட்காமலே கறிவேப்பிலை சேர்த்துப் போடுகிறார். அவன் நகர்ந்ததும் பேரம் மீண்டும் தொடங்குகிறது.

அந்த இளைஞன் நான்.

விரிவுரையாளர் மேசையைத் தட்டினார். "பிரமாதம் ரெஜினா!" பிறகு என் பக்கம் திரும்பி, "தம்பி, நீங்க ஆய்வு செய்யப் போகல. உங்கள வச்சு ஆய்வு நடந்திருக்கு."

வகுப்பே சிரித்தது. ரெஜினா மட்டும் சிரிக்கவில்லை. அதுதான் இன்னும் எரிந்தது. என் ஊர், என் ஆட்கள், பை தூக்கியது என் தோள்... பேர் அவருக்கு.

அவர் மேற்படிப்புக்குப் போனார், ஆசிரியரும் ஆனார். நான் செய்தி எழுதப் போய்விட்டேன்.

போன மாதம் விலைவாசிச் செய்திக்காக அதே மார்க்கெட்டுக்குப் போனேன். லெட்சுமி அக்கா இல்லை. அவர் மருமகள் கடையைப் பார்க்கிறார். பழைய இடத்தில் வெகுநேரம் நின்றேன். எனக்கு முன்னால் தாராளமாகப் பேரம் நடந்தது. ஒருவரும் கூச்சப்படவில்லை. அன்றைய விதிப்படி பார்த்தால், இப்போதுதான் நான் சரியான ஆய்வாளன்.

"அங்கிள், என்ன வேணும்? வழிய மறைக்கிறீங்க."

பேச்சுக்காக, அங்கே ஆய்வுக்கு வரும் ரெஜினாவின் பெயரைச் சொன்னேன். அந்தப் பெண்ணின் முகமே மாறிவிட்டது.

"அட, ரெஜினா டீச்சர் ஃப்ரெண்டா? மொதல்லயே சொல்லக்கூடாதா? மாசா மாசம் வந்து எங்ககூட உட்கார்ந்து பேசுவாங்க. எங்க வீட்டு ஆளு மாதிரி. உட்காருங்க அங்கிள்."

நாற்காலி வந்தது. கோப்பியும் வந்தது. பிறந்த ஊரில் உட்கார எனக்கு ஜொகூர் பாருக்காரியின் பெயர் தேவைப்பட்டது. அன்று அவருக்கு மதிப்பெண் போனது. இப்போது என் ஊரே அவரிடம் போய்விட்டது... கோப்பி இனிக்கவில்லை.

இன்று காலை ரெஜினா தனியாக ஒரு குரல் செய்தி அனுப்பினார். "ஞாயித்துக்கெழமை நீயும் வா லா. அதே எடத்துல நில்லு. இப்பவும் ஒன்னப் பாத்து பேரத்த நிறுத்துறாங்களான்னு பாக்கணும்."

வருகிறேன் என்று பதில் போட்டுவிட்டேன்.

அவர் ஆய்வின் முடிவு வர மாதங்கள் ஆகுமாம். நான் காத்திருப்பது அதற்கல்ல. "நீ மாணிக்கண்ணன் மவன்தானே?" என்று கேட்க அந்த மார்க்கெட்டில் இன்னும் ஒருவராவது இருக்கிறாரா என்பது ஞாயிற்றுக்கிழமை, கடை கட்டுவதற்குள் தெரிந்துவிடும்.