எங்கட அல்பத்தில எண்ணினது ஆரு?

நான் பள்ளிக்கூடத்தில விஞ்ஞானம் படிப்பிக்கிற ஆள். பேய், ஆவி எண்டு ஆராவது கதைக்கத் தொடங்கினா நடுவில ஒரு கேள்வியக் கேட்டுக் கதையக் கெடுத்துப்போட்டுத்தான் எழும்புவன். அதால நீங்க இதக் கேட்டுச் சிரிச்சாலும் எனக்குக் கோவமில்ல, உங்கட இடத்தில நானும் சிரிச்சிருப்பன். ஆனா நடந்தது நடந்ததுதான்.

எங்கட பேண்டில மூண்டே மூண்டு பேர். நான் பேஸ் கிட்டார், மது கீபோர்டும் பாட்டும், கிளன் ட்ரம்ஸ். கிளன் போர்த்துக்கீசர் வழி வந்த பறங்கிப் பொடியன், தன்னாமுனையில வாவிக்கரையில தச்சுப் பட்டறை வச்சிருக்கான். பட்டறை அவன்ட பப்பாட. மனுசன் மரவேலையோட வயலினும் வாசிப்பார், பறங்கியாக்களிட கலியாண வீட்டில ஆட்டம் தொடங்கிறது அவரால தான். பறங்கிப் பாஷையில மூண்டு மட்டும் எண்ணுவார், நாலுக்குக் குதிக்காலால பலகையில ஒரு தட்டு, உடன சனம் எழும்பி ஆடும்.

தனக்குப் பிறகு மகன் வயலினப் பிடிக்கோணும் எண்டு அவருக்கு ஆசை. இவன் மாட்டன், எனக்கு ட்ரம்ஸ்தான் எண்டு நிண்டுட்டான். அதோட பேச்சுவார்த்தை முறிஞ்சுது. ஒரே வீடு, ஒரே பட்டறை, நாலு வருசம் ரெண்டு பேரும் ஒரு சொல்லுக் கதைக்கல்ல. மகன் ரெண்டடி தள்ளி நிப்பான், இவர் மதுவப் பாத்து, "புள்ள, சோறு ஆறுது எண்டு அவனுக்குச் சொல்லு" எண்டுவார். அவனும் என்னப் பாத்து, "மச்சான், வாறன் எண்டு சொல்லு" எண்டுவான். எங்களுக்கு அது பெரிய பகிடி. அப்படியே இருந்து ஒருநாள் நெஞ்சு வலிச்சு மனுசன் போய்ச் சேந்துட்டார். சவப்பெட்டிய கிளன்தான் செஞ்சான். அழல்ல.

அவர் செத்துக் கொஞ்ச மாசத்தில தான் அல்பம் செய்தம். எந்தப் பாட்டப் போடுறது எண்டு ரெண்டு வருசமாச் சண்டை பிடிச்சு ஒண்டும் முடிவாகல்ல, ரெக்கோடிங் மிசினோ ஒரு நாளைக்குத்தான் இரவல். பக்கத்து அரிசி ஆலை பூட்டியிருக்கிற ஞாயிற்றுக்கிழமை பாத்துப் பட்டறைக்க போய் இருந்தம். கையில ஒரு பாட்டும் இல்ல. வாறது வரட்டும், வந்தத வாசிப்பம், அதுதான் அல்பம் எண்டு முடிவெடுத்தம்.

நல்ல உச்சி நேரம். மிசின் ஓடுது, ஆர் தொடங்கிறது எண்டு தெரியாம மூண்டு பேரும் ஆளையாள் பாத்துக்கொண்டிருக்கிறம். அப்ப எண்ணுற சத்தம் கேட்டுது. பறங்கிப் பாஷையில மூண்டு, பிறகு பலகையில ஒரு தட்டு. கிளன்தான் எண்ணுறான் எண்டு நான் தொடங்கினன், மதுவும் தொடங்கினாள், கிளன்ட அடியும் அச்சொட்டா அதே இடத்தில விழுந்துது. அண்டைக்கு அஞ்சு வாசிச்சம், அஞ்சுக்கும் இப்படித்தான்.

முடிஞ்சாப்போல மது சொன்னாள், "டேய், பப்பா மாதிரியே எண்ணுறாய்."

"நான் எங்க எண்ணினன்?" எண்டான் கிளன். "நீங்க ரெண்டு பேரும் தொடங்கினீங்க, நான் அடிச்சன்."

அவனுக்கு ஒண்டும் கேட்டிருக்கல்ல. ரெக்கோடிங்கப் போட்டுப் பாத்தம். எனக்கும் மதுவுக்கும் எண்ணுறது வடிவாக் கேக்குது, அவனுக்கு இல்ல. கொம்பியூட்டர்ல பெருப்பிச்சுப் பாத்தன். பாட்டுக்கு முன்னால மூண்டு செக்கன், சத்தம் எண்டு ஒரு புள்ளி கூட இல்ல, வெறும் நேர்கோடு. அந்தக் கோட்டக் கண்ணால பாத்துக்கொண்டே அந்தக் குரலக் காதால கேட்டவன் நான். நம்பினா நம்புங்க.

மறுகா இணையத்தில போட்டம். "ஆளுக்கொரு பக்கம் இழுக்கிறீங்க" எண்டு சிலபேர் நக்கலடிச்சாங்க, சிலபேர் தூக்கிவச்சுப் புகழ்ந்தாங்க. களுதாவளையில இருந்து ஒருத்தர் போன் எடுத்து, "பாட்டு எனக்கு விளங்கல்ல தம்பி, ஆனா தொடக்கத்தில எண்ணுறாரே ஒரு பெரியவர், ஆரு அவர்?" எண்டு கேட்டார். பிறகு கேட்ட ஆக்களெல்லாம் அதையே கேக்கத் தொடங்கினாங்க.

கிளன் உடைஞ்சுபோனான். வேல அப்படியே கிடக்கும், இவன் ஹெட்போனப் போட்டுக்கொண்டு அந்த மூண்டு செக்கனத் திருப்பித் திருப்பிக் கேப்பான். கதவு செய்விக்க வாற ஆக்களிட காதிலயும் போட்டு, "கேக்குதா? என்ன மாதிரிக் குரல்?" எண்டு விசாரிப்பான். ஆள் சரியா மெலிஞ்சிட்டான். "ஒருக்காக் கேட்டாப் போதும் மச்சான்" எண்டு சொல்லிக் கெஞ்சுவான், நான் என்னத்தச் செய்ய?

மதுதான் ஒருநாள் பட்டெண்டு சொன்னாள். "உனக்கு எப்படிக் கேக்கும் கிளன்? அவர் உன்னோட கதைக்கிறதில்லயே. எங்களிட்டத்தானே சொல்லிவிடுவார்."

அண்டைக்குத்தான் அவன் அழுதான். கனநேரம் அழுதுபோட்டு, தலை நிமிராமலே, "அப்ப நீ சொல்லு மச்சான். வயலின எடுக்காதது வீம்பில இல்ல, அவர் மாதிரி வாசிக்க ஏலாது எண்ட பயத்திலதான் எண்டு அவருக்குச் சொல்லு" எண்டான்.

விஞ்ஞானம் படிப்பிக்கிற நான், பட்டப்பகல்ல, ஆளில்லாத தச்சு மேசையப் பாத்து அதச் சொன்னன். வெக்கமா இருந்துது, எண்டாலும் ஒரு சொல்லையும் விடல்ல. ஒண்டும் நடக்கல்ல. ஒரு மரத்தூள் கூட அசையல்ல.

அடுத்தநாள் காலையில இருந்து ஆக்கள் கேக்கத் தொடங்கினாங்க, "எண்ணுறத ஏன் வெட்டினீங்க?" எண்டு. நான் கை வைக்கல்ல. போட்டுக் கேட்டன், எனக்கும் இல்ல. மூண்டு செக்கன் அமைதி, பிறகு பாட்டு.

ஓடிப்போனன் பட்டறைக்கு. கிளன் ஹெட்போனோட இருக்கான். தலைய ஆட்டுறான். இடைக்கிட "ஓம் பப்பா" எண்டுறான். பறங்கிப் பாஷையில ஏதோ சொல்லிச் சிரிக்கிறான். நான் வாசல்லயே நிண்டன். அல்பம் முழுக்க ஓடி முடியிறது கொம்பியூட்டர்ல தெரியுது, அப்பதான் ஹெட்போனக் கழட்டினான்.

என்ன கேக்கிறது எண்டு தெரியாம, "முதல் பாட்டில என்ட பேஸ் சத்தம் கூடிப்போச்சா?" எண்டு கேட்டன்.

"பாட்டா?" எண்டான். "பாட்டு இன்னும் தொடங்கல்லயே."

இப்ப ஆள் தேறிட்டான், வேலயும் நல்லாச் செய்யிறான், பயம் எனக்குத்தான். ஒவ்வொரு நாளும் காலையில ஒருக்கா முழுக்கக் கேட்டுத்தான் பட்டறையத் திறப்பான். நேத்தும் அவனிட்டக் கேட்டுப் பாத்தன், தன்ட அல்பத்தில ஒரு பாட்டக்கூட அவன் இன்னும் கேட்டதில்லயாம். பப்பா இன்னும் கதைச்சு முடிக்கல்லயாம்.