கழற்றி வைத்த பிரேக் கட்டைகள்

எனக்குப் பொறுமை என்பது பிறவியிலேயே கிடையாது. ஒரு இடத்தில் உட்காரச் சொன்னால் உடம்பெல்லாம் எரியும். எல்லைப் பிரச்சினை நடந்த வருஷங்களில் எல்லாரும் என்னை உட்காரத்தான் சொன்னார்கள். சந்தைக்குப் போகாதே, ரோட்டில் நிற்காதே, நாலு பேர் கூடிய இடத்தில் வாயைத் திறக்காதே. பாறசாலைப் பக்கத்து எங்கள் கிராமத்தில் ஒரு சுவரில் தமிழில் எழுதினால் எதிர்ச் சுவரில் மலையாளத்தில் பதில் வந்தது. மதராசோடு சேர்வதா, இருக்கிற இடத்திலேயே இருப்பதா என்று டீக்கடையில் பேச்சு எழுந்தால் போதும், சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். அதுவரை இரண்டு பாஷையையும் கலந்தே ஒருவரையொருவர் ஏசிக்கொண்டவர்கள்தான்.

அப்படிப்பட்ட வருஷத்திலும் சைக்கிள் ரேஸை மட்டும் விடவில்லை. எங்கள் சபைக்கும் நெய்யாற்றின்கரைப் பக்கத்துச் சபை ஒன்றுக்கும் ஈஸ்டருக்கு மறுநாள் நடக்கிற பந்தயம் அது. ஒரே மிஷன்தான். நாங்கள் தமிழில் பாடுவோம், அவர்கள் மலையாளத்தில் பாடுவார்கள். பக்கத்துக்கு ஓர் ஆள். பாறசாலையில் புறப்பட்டு, குன்னத்துகால் வரை போய், அதே வழியில் திரும்பி வர வேண்டும். சைக்கிள் வாடகைக் கடையில் எடுத்ததாக இருக்க வேண்டும். மட்கார்டு, கேரியர், மணி எதையும் கழற்றக் கூடாது. கடையிலிருந்து எப்படி வந்ததோ அப்படியே ஓட்ட வேண்டும்.

வேறெங்கும் நான் கேள்விப்படாத இன்னொரு வழக்கமும் இருந்தது. புறப்படுமுன் நம் சைக்கிளை எதிர்ப்பக்கத்து ஆளின் கையில் கொடுக்க வேண்டும். அவர்தான் நட்டை முடுக்கி, பிரேக்கைப் பிடித்துப் பார்த்து, போகலாம் என்று சொல்ல வேண்டும். எங்கள் பக்கம் ஓட்டுகிறவர் என் வீட்டுக்காரர். அவருடைய சைக்கிளை மரச்சீனிக் கிழங்கு வியாபாரம் செய்கிற மலையாளத்து மாமா ஒருவர் பார்ப்பார். அவர்கள் பக்கம் ஓட்டுகிறவன் அவருடைய மருமகன், தங்கச்சி மகன். அவன் சைக்கிளை என் அண்ணன் பார்ப்பான். பார்த்து முடித்ததும் மாமா என் பக்கம் திரும்பி, "ஞான் நோக்கியாச்சு மக்களே, பேடிக்கண்டா" என்று ஒரு வார்த்தை சொல்லாமல் போக மாட்டார். நான் பார்த்துவிட்டேன், பயப்படாதே மகளே என்று அவர் சொன்னால் நானும் பயப்படுவதில்லை.

அந்த வருஷம் அந்த வழக்கம் நின்றது. "அவனுவ கையில சைக்கிளக் குடுக்கவா? பிரேக்க அறுத்து விட்டுருவானுவ" என்று அண்ணன் குதித்தான். அந்தப் பக்கமும் இதையே சொன்னார்களாம். அவரவர் சைக்கிளை அவரவரே பார்த்துக்கொள்வது என்று பேசி முடித்தார்கள்.

காலையில் என் வீட்டுக்காரர் சைக்கிளை உருட்டிக்கொண்டு புறப்பட்டார். "நீ வரண்டாம். போலீசு நிக்கும். வீட்டுல இரி" என்றார். வீட்டில் இரி! கல்யாணமாகி ஐந்து வருஷத்தில் நான் சும்மா இருந்ததை இந்த மனுஷன் எப்போதாவது கண்டாரா? கதவைத் திறந்தேன், மூடினேன், மறுபடி திறந்தேன். அடுப்பில் ஒன்றுமில்லாமலேயே ஊதினேன். கடைசியில் அழுக்குத் துணியை வாரிக்கொண்டு கிணற்றடிக்குப் போனேன்.

துவைக்கிற கல்லுக்குப் பின்னால் ஒரு காகிதப் பொட்டலம் கிடந்தது. பிரித்தால் பிரேக் கட்டைகள். சக்கரத்தைக் கவ்விப் பிடிக்கிற அந்த ரப்பர் கட்டைகள், முன்னதும் பின்னதும், எல்லாமே இருந்தன.

விளங்க நேரமாகவில்லை. வாடகை சைக்கிளின் ரிம் எப்போதும் கோணல்தான். கட்டை அதில் உரசிக்கொண்டே இருக்கும், எவ்வளவு மிதித்தாலும் வண்டி இழுக்கும். கட்டையைக் கழற்றினால் லேசாக ஓடும். மாமா கையில் சைக்கிள் போயிருந்தால் இது நடந்திருக்குமா? எதிராளி பிரேக்கை அறுத்துவிடுவான் என்று பயந்து, தன் கையாலேயே கழற்றி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

பந்தயத்தில் திரும்பி வரும் வழியில், எங்கள் வீட்டுக்குச் சற்று முன்னால் ஒரு பெரிய இறக்கம் உண்டு. செங்குத்தாக இறங்கிக் குளத்தங்கரையில் சட்டென்று திரும்பும். திருப்பத்தில் கருங்கல் சுவர். மற்ற இறக்கங்களில் காலைத் தரையில் தேய்த்துச் சமாளிக்கலாம். இங்கே பிரேக்கைப் பிடித்துக்கொண்டு வந்தவர்களே அந்தச் சுவரில் பல்லை உடைத்திருக்கிறார்கள். போகும்போது இவர் அதில் ஏறிப் போயிருப்பார். வரும்போது இறங்கியாக வேண்டும். கட்டைகளை முந்தானையில் முடிந்துகொண்டு ஓடினேன்.

குளத்தங்கரையில் அண்ணன் எங்கள் ஆட்களோடு நின்றான். முடிச்சைக் காட்டினேன். அவன் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. அவனுக்கு முன்னமே தெரியும்.

என்னை ஓரமாக இழுத்தான். "ஒரு எறக்கந்தான, மாப்பிள சமாளிச்சுக்கிடுவாரு. நீ வாயத் தொறக்காத. கட்ட இல்லன்னு அவனுவளுக்குத் தெரிஞ்சா நாம தோத்தோம். இந்த வருசம் தோக்கப்பிடாது, பாத்துக்க."

இந்த வருஷம் தோற்கக் கூடாதாம். சைக்கிளில் முந்திவிட்டால் எல்லைக்கல்லைத் தூக்கி இவன் வீட்டு வாசலில் நட்டுவிடுவார்கள் போல!

"ஜெயிச்சு என்னத்துக்கு? செவுத்துல மண்ட தெறிச்சுக் கெடந்தா நீயா பெறக்கி எடுப்ப?" என்று கத்திவிட்டுக் கையை உதறிக்கொண்டு மேட்டில் ஏறினேன். "எட்டி, அங்க போவாத!" என்று பின்னால் கூப்பிட்டான். யார் கேட்டது?

இறக்கத்தின் பாதியில் இருந்த டீக்கடைதான் அன்றைக்கு அவர்கள் நிற்கிற இடம். எங்கள் ஆட்கள் அங்கே டீ குடித்து மாதக்கணக்காகியிருந்தது. நான் போய் நின்றதும் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். மாமாதான் பெஞ்சிலிருந்து எழுந்தார்.

"எந்தரு மக்களே? எதுக்கு இப்பிடி ஓடுந்நது?"

முந்தானையை அவிழ்த்துக் காட்டினேன். "மாமா, பிரேக்கு இல்லாம வாறாரு. ஜெயிச்சது நீங்கதான்னு வச்சுக்கிடுங்க. எனக்கு ஒண்ணும் வேண்டாம். ஆள மட்டும் நிறுத்தித் தாங்க."

சொல்லும்போதே அழுதுவிட்டேன். அத்தனை பேர் முன்னால் அழுகிறோமே என்று என் மேலேயே எனக்கு ஆத்திரம். மாமாவின் முகம் வெளிறிப் போயிருந்தது. வேட்டி மடிப்பில் கையை விட்டு எதையோ எடுத்து என் முன்னால் நீட்டினார். அதே ரப்பர் கட்டைகள்.

"அவன்றெ சைக்கிளிலும் இல்ல மக்களே. ஞானாக்கும் அழிச்சது" என்றார். மருமகன் சைக்கிளில் கட்டைகளைக் கழற்றியது அவரேதானாம்.

கடவுளே! இரண்டு சபையும் சேர்ந்து இரண்டு ஆண்களைச் சாக அனுப்பியிருந்தோம்.

கடைக்கு எதிரே வைக்கோல் வண்டி ஒன்று நின்றது. வண்டிக்காரர் உள்ளே டீ குடித்துக்கொண்டிருந்தார். நான் கடைக்காரரின் கத்தியை எடுத்து, கட்டியிருந்த கயிற்றை அறுத்தேன். "எலே, என் வைக்கோலு!" என்று அலறிக்கொண்டு வண்டிக்காரர் வந்தார். "ஞான் தராம்டே, ஞான் தராம்!" என்று, விலையைத் தானே தருவதாகக் கத்தியபடி மாமா கட்டுக் கட்டாக இழுத்து ரோட்டில் போட்டார். முதலில் விழித்துக்கொண்டு நின்ற அவருடைய ஆட்கள், அவர் கட்டையைக் கீழே எறிந்து மருமகன் பெயரைச் சொன்னதும் பாய்ந்து வந்தார்கள். வைக்கோலை ரோட்டை அடைத்து இடுப்பளவுக்குக் குவித்தோம். என் கையெல்லாம் கீறி ரத்தம் வந்ததை அப்புறம்தான் பார்த்தேன்.

மேலே மணிச் சத்தம் கேட்டது. இரண்டு பேரும் ஒன்றாக வந்தார்கள். இருவரும் விடாமல் மணியடித்தார்கள், நிறுத்துவதற்கு அவர்களிடம் வேறொன்றும் இல்லை. என் வீட்டுக்காரர் இரண்டு காலையும் அகட்டிக்கொண்டு, வாய் பிளந்து வருவதைப் பார்த்தேன். நான் கண்ணை மூடவில்லை. மூட வேண்டும் என்று தோன்றக்கூட இல்லை.

வைக்கோல் வெடித்த மாதிரி எழும்பியது. ஒரு சைக்கிள் அதைத் தாண்டிப் போய் ஓடையில் விழுந்தது. மருமகன் தோளைப் பிடித்துக்கொண்டு புரண்டான், மாமா அவனை மடியில் போட்டுக்கொண்டு அவன் தலையைத் தடவித் தடவிப் பார்த்தார். அதற்குள் கீழேயிருந்து எங்கள் ஆட்கள் ஓடிவந்தார்கள். "ஜெயிக்கப் போனவன மறிச்சுப் போட்டானுவ!" என்று முதலில் கத்தியது என் அண்ணன்தான். அந்தப் பக்கமும் அதே சத்தம் மலையாளத்தில் எழுந்தது. கண்ணெதிரே இரண்டு உயிர் மூச்சு விட்டுக்கொண்டு கிடக்கிறது, அதை ஒருவரும் பார்க்கவில்லை.

நான் வைக்கோலை வாரி வாரி எறிந்து என் ஆளைத் தேடினேன். நெற்றி கிழிந்திருந்தது. முழங்காலில் தோல் இல்லை. கையை அசைக்கச் சொன்னேன், அசைத்தார். காலை அசைக்கச் சொன்னேன், முனகிக்கொண்டே அசைத்தார். அடிக்கவும் தோன்றியது, கட்டிக்கொண்டு அழவும் தோன்றியது. அவர் வாயில் ஒட்டிய வைக்கோலைத் துப்பிவிட்டு, என் கையைப் பிடித்து, என்னமோ ரகசியம் கேட்கிற மாதிரி கேட்டார்.

"ஏட்டி, ஆரு முன்னால வந்தது?"

"நானாக்கும்" என்றேன். "உங்க ரெண்டு பேருக்கும் முன்னால இங்க வந்தது நானாக்கும்."