பள்ளிப்பட்டு மேட்டில் ஒரு கை

பள்ளிப்பட்டுக்குப் போகும் மலைச்சாலை மேட்டை, கால் ஊன்றாமல், யார் உதவியும் இல்லாமல் சைக்கிளில் ஏறிவிட வேண்டும் என்று மூன்று மாதமாக முயல்கிறேன். இன்று முக்கால்வாசி ஏறிவிட்டேன்.

அப்போது முதுகில் ஒரு கை பதிந்தது. கத்தரிக்காய் மூட்டையோடு சந்தைக்குப் போகும் மொபெட்காரர்.

“உடுண்ணா, நானே ஏறிக்கிறேன்!”

“மூச்சு வாங்கிக்கினு இன்னா பேச்சு? சும்மா குந்து நைனா, நான் தள்றேன்.”

உச்சிவரை தள்ளிவிட்டார். நன்றி சொல்லிவிட்டு, மறுபடி முதலிலிருந்து ஏறுவதற்காக சைக்கிளைத் திருப்பினேன்.

“இன்னா, கீழ எதனா உட்டுட்டியா?”

விளக்கத் தெம்பில்லாமல், “ஆமாண்ணா” என்றேன்.

“இரு, நானும் வரேன். சேர்ந்து தேடலாம்” என்று அவரும் மொபெட்டைத் திருப்பினார்.

நாளையும் போகிறேன். சந்தைக்காரர்கள் யாரும் வராத நேரம் எது என்று தெரிந்தவர்கள் சொல்லவும்.