வெள்ளைக் கொய்யாவில் சிவப்பு

பல் தேய்த்துத் துப்புகிற நுரையைக் கடைசியாக எப்போது உற்றுப் பார்த்தீர்கள்? நான் தினமும் பார்க்கிறேன். அது வெள்ளையாக இருந்தால்தான் எனக்கு அடுத்த வேலை ஓடும். எல்லாம் அப்பாவால் வந்த பயம்.

அப்பா கம்பத்தில் பன்னீர் திராட்சை வியாபாரி. காலேஜ் முடித்ததிலிருந்து நான்தான் அவருக்கு பைக் டிரைவர். தோட்டம் தோட்டமாகப் போவோம். மனுஷன் கொடிப் பந்தலுக்குள் குனிந்து நுழைவார், அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பழம் பிய்த்து வாயில் போடுவார், கண்ணை மூடுவார், விலை சொல்வார். சுகர் வந்து வருஷக்கணக்காகிறது. வீட்டில் டீயில் சர்க்கரை விழுந்தால் சண்டைக்கு வருவார். பந்தலுக்குள் வாயில் போடுவது மட்டும் அவர் கணக்கில் சாப்பாடே இல்லை, அது வேலை.

பன்னீர் திராட்சை தின்றவர் துப்பினால் எச்சில் கருஞ்சிவப்பாகத்தான் விழும். அதனால்தான் அவர் ஈறில் ரத்தம் கசிந்தது யார் கண்ணிலும் படவில்லை. வாயில் ஒரு வாடை வந்தது. வெறும் வயிற்றோடு சுற்றுவதால் என்றார் அம்மா. முன்பல் இரண்டுக்கும் நடுவே சந்து விழுந்தது. வயசாகிறது என்றேன் நான்.

அப்புறம் ஒரு நாள், தோட்டக்காரர் ஒருவர் வரப்போரத்துக் கொய்யாவைப் பறித்து நீட்டினார். அப்பா கடித்தார். கடித்த இடமெல்லாம் சிவப்பு.

“என்ன மாப்ள, செகப்புக் கொய்யாவா? சொல்லவே இல்ல?”

“கண்ணு அவிஞ்சு போச்சா மாமா? எம்மரத்துல வெள்ளதான் காய்க்கும்,” என்று சிரித்துக்கொண்டே எட்டிப் பார்த்தவர் சிரிப்பை நிறுத்தினார். “மாமா… ரத்தம்யா.”

அன்றைக்கே பல் டாக்டரம்மாவிடம் இழுத்துக்கொண்டு போனேன். அவர் முன்பல்லை லேசாக அசைத்தார். அது ஆடியது. ஈறை அமுக்கினார். சீழ் எட்டிப் பார்த்தது.

“வலிக்கவே இல்லையேம்மா,” என்றார் அப்பா.

“அதான் பயமே. வலிச்சிருந்தா அன்னிக்கே ஓடி வந்திருப்பீக. சுகரு ஏறிக் கெடந்தா ஈறுல புண்ணு ஆறாது. ஈறு இப்பிடிச் சீழ் பிடிச்சுக் கெடந்தா சுகரும் லேசுல எறங்காது. பல்லப் பிடிச்சிருக்குற எலும்பே கரைஞ்சிருக்கு.”

“ஏவாரத்துக்குத் திராட்சைய டேஸ்ட்டுதாம்மா பாக்குறேன். திங்கிறதில்ல.”

“ஏவாரப் பழம் எது, திங்கிற பழம் எதுன்னு ஒடம்புக்குத் தெரியுமாய்யா?”

ஒரு பக்கம் ஈறுக்கு அடியில் சுத்தம் செய்தார். சுகர் இறங்கினால் முன்பல் இரண்டையும் காப்பாற்றப் பார்க்கலாம், இல்லையென்றால் பிடுங்க வேண்டியதுதான் என்றார்.

அதிலிருந்து பந்தலில் பழத்தைக் கடிப்பது நான்.

“இனிப்பா இருக்குப்பா.”

“ஏலே, இனிப்புன்னு கைப்புள்ளகூடச் சொல்லும். தோலு எப்பிடி? புளிப்பு கடைசில நிக்குதா, இல்லையா?”

எனக்கு என்ன தெரியும்? இன்னொன்றைப் பிய்த்துக் கடிப்பேன். அவர் கை தானாகக் கொத்தைத் தேடிப் போகும். தட்டிவிடுவேன். நான் அந்தப் பக்கம் திரும்பினால் அவர் தாடை அசைகிற மாதிரியே இருக்கும்.

வீட்டில் இன்னும் மோசம். சாப்பிடும்போது அவர் நாக்கு அந்தப் பல்லைத் தள்ளித் தள்ளிப் பார்ப்பது வெளியிலேயே தெரிகிறது. இட்லியைக்கூடக் கடைவாயில் ஒதுக்கித்தான் மெல்கிறார். ஒவ்வொரு வாய்க்கும் நான் அவர் தட்டைப் பார்க்கிறேன், பல் ஏதும் விழுந்து கிடக்கிறதா என்று. அப்பாவுக்கு வந்தது எனக்கும் வரலாம். அதனால்தான் காலையில் அந்த நுரை.

இன்று அவர் சுகர் டெஸ்ட்டுக்கு வெறும் வயிற்றில் ரத்தம் கொடுக்க வேண்டும். முன்பல் இருக்குமா போகுமா என்பது இந்த ரிசல்ட்டில்தான் இருக்கிறது. நான் குளித்துவிட்டு வருவதற்குள் ஆளைக் காணோம்.

“கூடலூர்ல ஒரே ஒரு தோட்டமாம். பாத்துட்டு நேரா லேபுக்கு வந்துருறேன்னு யாரு வண்டிலயோ ஏறிப் போனாக,” என்றார் அம்மா.

கூடலூரில் இப்போது திராட்சை அறுப்பு. நான் லேப் வாசலில் உட்கார்ந்து இதை டைப் செய்துகொண்டிருக்கிறேன். ரிங் போகிறது. அப்பா எடுக்கவில்லை.