சாமைக் காட்டில் வெறுங்கால்

என் கால்கள் இரண்டும் என் பேச்சைக் கேட்காமல் போய் மூன்று மாதம் ஆகியிருந்தது. சாப்பிட உட்கார்ந்தால் ஆடும். டிவி முன்னால் உட்கார்ந்தால் ஆடும். சரி என்று எழுந்தால் வாசலுக்கும் அடுப்படிக்கும் நடுவே போவதும் வருவதுமாக இருக்கும். "வூட்டுக்குள்ளயும் டிக்கெட் போட்டுக்கினு இருக்கீங்களா?" என்று மனைவி கேலி செய்தாள். முதல் மாதம் சிரித்துக்கொண்டே கேட்டாள். அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது.

நான் பஸ் கண்டக்டர். கள்ளக்குறிச்சியில் புறப்பட்டு, கச்சிராயபாளையம் வழியாக மலையேறி, வெள்ளிமலை தாண்டிப் போகிற வண்டி. ஆடுகிற வண்டியிலேயே இருபது வருடம் நின்ற கால், தரையில் நிற்க மறந்துவிட்டது என்று கேட்டவர்களிடமெல்லாம் சொன்னேன். பச்சைப் பொய். காரணம் எனக்கு நன்றாகவே தெரியும்.

கச்சிராயபாளையத்தில் ஓர் அம்மா கூடையோடு இறங்கிக்கொண்டிருந்தார். ஒரு கால் தரையில், ஒரு கால் படியில். நான் உள்ளே சீட்டுக்காக முட்டிக்கொண்ட இரண்டு பேரை அதட்டிக்கொண்டிருந்தேன். எரிச்சலில் திரும்பிக்கூடப் பார்க்காமல் விசிலை ஊதினேன். வண்டி நகர்ந்தது. அந்த அம்மா விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்து, ஆபரேஷன் நடந்து, ஏதோ பிழைத்துக்கொண்டார்.

விசாரணையில் டிரைவர், "விசில் கேட்டுத்தான் சார் எடுத்தேன்" என்றான். என்னைக் கேட்டார்கள். "நான் விசில் அடிக்கல சார்" என்றேன். யோசித்துச் சொன்னதில்லை, வாய் முந்திக்கொண்டது. சொன்ன பிறகு மாற்றிச் சொல்லத் தைரியமில்லை. அன்றைக்கு வண்டியில் இருந்தவர்களுக்கும் சரியாக ஞாபகமில்லை. ஒன்பது வருடம் என்னோடு ஓடிய டிரைவரை வண்டியிலிருந்து இறக்கி, டயருக்குக் காற்று பார்க்கிற வேலைக்குப் பணிமனையில் போட்டார்கள். கடைசி உத்தரவு இன்னும் வரவில்லை. வந்தால் அவன் மறுபடி ஸ்டியரிங்கைத் தொட முடியாது என்று டிப்போவில் பேசிக்கொண்டார்கள். நான் வேறொரு டிரைவரோடு அதே வழியில் போய்வந்துகொண்டிருந்தேன்.

டாக்டரிடம் போனேன். பிரஷர் பார்த்தார். "மனசுல எதனா போட்டுக் குழப்பிக்கிறீங்களா?" என்று கேட்டார். "அதெல்லாம் ஒண்ணும் இல்லீங்க சார்" என்றேன். மாத்திரை கொடுத்தார். அதைப் போட்டும் ராத்திரி விழித்திருந்துவிட்டு, பகலில் வண்டிக் கம்பியில் சாய்ந்து தூங்கினேன்.

அப்போதுதான் போனில் அந்த வீடியோ வந்தது. வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் கடற்கரையில் நின்றுகொண்டு, செருப்பில்லாமல் தினமும் இருபது நிமிடம் மண்ணில் நின்றால் மனக்குழப்பமெல்லாம் கால் வழியாக பூமிக்குள் இறங்கிவிடும் என்றார். இதற்கு எர்த்திங் என்று பெயராம். எனக்குப் பிடித்துப்போயிற்று. யாரிடமும் எதையும் சொல்ல வேண்டாம், செருப்பைக் கழற்றினால் போதும். இதைவிட வசதி வேறென்ன வேண்டும்?

ஆனால் மண்ணுக்கு எங்கே போவது? எங்கள் தெரு முழுக்க சிமெண்ட் கல். பக்கத்துக் காலி மனையில் பாட்டில் துண்டுகள். ஊருக்கு வெளியே கரும்பு வெட்டிய வயலில் இறங்கினேன், அடிக்கட்டை குத்தி இரண்டு நாள் நொண்டினேன். லீவு நாளில் கோமுகி அணைக்கரைக்குப் போய் நின்றேன். நான்கு நிமிடத்துக்குள் ஏழு தடவை மணி பார்த்தேன். ஐந்தாவது நிமிடம் பைக்கைக் கிளப்பிவிட்டேன். வீட்டுக்கு வந்தால் மனைவி மேலும் கீழும் பார்த்தாள். "காலெல்லாம் மண்ணு. மொகம் மட்டும் அப்டியே இருக்குது" என்றாள்.

ஆனி மாதம் மலையில் மழை பிடித்தது. கடைசி நிறுத்தத்தில் வண்டி இருபத்தைந்து நிமிடம் நிற்கும். டீக்கடைக்குப் பின்னால் ஒரு சரிவு, உழுது பொடியாக்கின மண், பார்க்கும்போதே மெத்தென்று இருந்தது. செருப்பை வரப்பில் விட்டுவிட்டு இறங்கினேன். பொய் சொல்லக் கூடாது, சுகமாக இருந்தது. குளிர்ச்சி கணுக்கால்வரை ஏறியது. நட்டநடுவில் போய் அங்கேயும் இங்கேயும் உலாத்தினேன்.

"ஏங்க! அங்கியே நில்லுங்க! நவுராதீங்க! வெதச்ச காடுங்க அது!"

நாற்பது வயதிருக்கும் ஒரு பெண், கையில் களைக்கொத்தோடு வரப்பில் நின்றார். சாமை விதைப்பாம். காலையில்தான் தூவி, முள்ளுக்கிளை இழுத்து மூடியிருக்கிறார். கடுகைவிடப் பொடி விதை, மிதித்து இறுகினால் முளை மேலே வராது என்றார்.

"இப்பத்தாம்மா எறங்கினேன். ரெண்டு அடிதான் வெச்சேன்" என்றேன். அப்போதும் வாய் முந்திக்கொண்டது.

அவர் என் பின்னால் பார்த்தார். நானும் திரும்பினேன். வரப்பிலிருந்து நடு வரைக்கும், அப்புறம் நான் சுற்றின இடமெல்லாம், ஐந்து விரலும் பதிந்த தடங்கள். முப்பதுக்குக் குறையாது.

"நின்ன எடத்துலியே நின்னுக்கினு எங்கெங்க மிதிச்சீங்கன்னு காட்டுங்க. நான் சொல்றப்ப வரலாம்" என்றார்.

அவர் ஓரத்திலிருந்து ஆரம்பித்தார். ஒவ்வொரு தடத்தையும் கொத்தால் லேசாகக் கிளறி, முள்ளுக்கிளையால் தடவினார்.

"இது?"

"என்னுதுதாம்மா."

"அந்தாண்ட இருக்கறது?"

"அதுவும் நான்தான்."

கீழே புது டிரைவர் ஹாரன் அடித்தான். ஜன்னல் வழியாக ஜனங்கள் வேடிக்கை பார்த்தார்கள். நான் நகர முடியாது. மூன்று மாதத்தில் அவ்வளவு நேரம் நான் ஓரிடத்தில் நின்றதில்லை. அந்த வெள்ளைச் சட்டைக்காரர் சொன்ன மாதிரி எதுவும் கீழே இறங்கவில்லை. எல்லாம் மேலேதான் வந்தது. படி, கூடை, என் உதட்டில் விசில். வெட்கமாக இருந்தது. பயமாக இருந்தது. மழைக்குளிரிலும் சட்டை நனைய வேர்த்தது. அவர் ஒரு வார்த்தை திட்டியிருந்தால் பதிலுக்குக் கத்தித் தப்பித்திருப்பேன், அவர் திட்டவே இல்லை.

கடைசியில், "என் காலு தடத்து மேலியே கால வெச்சி வாங்க" என்றார். அப்படியே வந்தேன். "மன்னிச்சுக்கம்மா" என்றேன். "மொளைக்கலன்னா மறுக்கா தூவிக்கிறேன். வண்டி நிக்குது, போங்க" என்றார்.

இறங்கி வரும் வழியெல்லாம் ஒவ்வொரு நிறுத்தத்திலும் படியில் தொங்கிப் பார்த்துவிட்டுத்தான் விசில் கொடுத்தேன். சாயங்காலம் வண்டியை விட்டதும் நேராகப் பணிமனைக்குப் போனேன். பழைய டிரைவர் ஒரு டயருக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான்.

"விசில் நான்தான் அடிச்சேன்" என்றேன்.

"தெரியும்" என்றான். கை வேலையை நிறுத்தவில்லை. "கேட்டுத்தான வண்டிய எடுத்தேன். எனக்குத் தெரிஞ்ச சேதிய எங்கிட்டியே சொல்லிட்டு, நிம்மதியா வூட்டுக்குப் போய்ப் படுத்துக்கலாம்னு பாக்கறியா? மாடியில ஆபீஸ் இருக்குது. சார் இன்னும் போவல."

"இன்னான்னு எழுதறது?" என்று கேட்டேன். கேட்டிருக்கவே கூடாது. அவன் எண்ணெய்க் கையைத் துடைத்து, சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து நீட்டினான். "நடந்தத எழுது" என்றான்.

எழுதிக் கொடுத்தேன். என்னை சஸ்பெண்ட் செய்தார்கள், அதில் எனக்குக் குறையில்லை. ஒரு மாதம் கழித்து அவன் மறுபடி மலை வண்டிக்கு வந்தான். என்னையும் திரும்ப எடுத்துக்கொண்டார்கள், தியாகதுருகம் டவுன் பஸ்ஸில். ஏன் பழைய வழியில் போடவில்லை என்று ஆபீசில் கேட்டேன். அவன் கைப்பட எழுதிய ஒரு தாளைக் காட்டினார்கள். எந்த வழியானாலும் ஓட்டுகிறேன், இந்தக் கண்டக்டரோடு மட்டும் என்னைப் போட வேண்டாம் என்று எழுதியிருந்தான்.