டம்ளரில் வெள்ளைக் கலங்கல்

அந்தத் தை மாதக் காலையில் முதலில் அசைந்தது என் கனவுதான் என்று நினைத்தேன். கனவில் ஒரு படகில் படுத்திருந்தேன். கண் விழித்தபோது கொடியில் தொங்கிய சட்டை காற்றில்லாமல் ஆடிக்கொண்டிருந்தது. குடத்துத் தண்ணீரில் வட்டங்கள் எழுந்து விளிம்பில் கரைந்தன. மணி ஐந்து நாற்பது. டைரியில் குறித்துவிட்டுத்தான் சட்டையை எடுத்தேன்.

மலையடி அணையில் கசிவு நீரை அளப்பது அப்போது என் வேலை. அணையின் வயிற்றுக்குள் ஓர் ஆள் நடக்கும் அளவுக்கு வழி உண்டு. சுவர்த் துளைகளில் வடியும் நீர் சிறு கால்வாயில் சேர்ந்து, முக்கோண வெட்டுள்ள ஒரு தகட்டின் வழியே விழும். வெட்டில் நீர் எத்தனை மில்லிமீட்டர் நிற்கிறது என்று தினமும் ஒரு முறை குறிப்பேன். நிலம் அதிர்ந்தால் மணிக்கொரு முறை குறிக்க வேண்டும் என்பது விதி. அதற்குமுன் ஒருநாளும் அந்த விதிக்கு வேலை வந்ததில்லை.

உள்ளே எப்போதும் ஒரே குளிர், ஒரே சொட்டுச் சத்தம். அன்று அடுத்த அறையில் யாரோ தாழ்ந்த குரலில் பேசுவதுபோல் நீர் ஓடிக்கொண்டிருந்தது. முந்தைய நாள் நாற்பத்தொன்று. அன்று காலை ஆறு மணிக்கு ஐம்பத்து மூன்று. டார்ச் வெளிச்சத்தில் நீர் கலங்கித் தெரிந்தது. பதிவேட்டில் அதற்கு ஒரு கட்டம் உண்டு: தெளிவு அல்லது கலங்கல். கலங்கல் என்று எழுதி, மேலே வந்து, பாளையங்கோட்டையில் இருக்கும் பொறியாளருக்குப் போனில் படித்துக் காட்டினேன்.

"வாரேன். மதகு ஆட்களைத் தயாரா நிக்கச் சொல்லுங்க" என்றார்.

கலங்கல் என்றால் அணையின் அடியிலிருந்து மண் அரித்து வருகிறது என்று பொருள். அப்படியானால் நீர்மட்டத்தை இறக்கியே ஆக வேண்டும். இறக்கினால், பால் பிடித்து நிற்கும் பிசான நெற்பயிருக்கு அறுப்பு வரை தண்ணீர் இராது.

ஒன்பது மணிக்கு என் மனைவியின் அண்ணன் பஸ்ஸில் வந்திறங்கினார். சேரன்மகாதேவியில் பயிர் வைத்திருப்பவர். கையில் தங்கைக்கு ஒரு பை எலுமிச்சம்பழம்.

"அங்கனயும் ஆடிச்சு மாப்ளே. மதகத் தொறக்கப் போறீரா?"

"நான் எழுதத்தான் செய்வேன் மச்சான்."

"நீரு எழுதுனாத்தான வே அவுக தொறப்பாக?"

அவரையே கூட்டிப்போய்க் காட்டலாமென்றால் அணைக்குள் வெளியாட்களுக்கு அனுமதி இல்லை. பத்து மணி அளவை எடுத்தபோது ஒரு கண்ணாடி டம்ளரில் நீரை முகந்து வந்து மேசையில் வைத்தேன். ஜன்னலுக்கு அப்பால், மலை தலைகீழாகத் தூங்கும் நீர்ப்பரப்பில் பனி விலகிக்கொண்டிருந்தது.

"இதையா கலங்கல்னு எழுதினீரு? அரிசி களஞ்ச கழனித்தண்ணில்லா இது! மண்ணுன்னா செவப்பால்லா இருக்கும்?"

"கட்டத்துல ரெண்டு வார்த்தைதான் உண்டு மச்சான்."

"நல்ல கட்டந்தான் வே! என் தங்கச்சி வைக்கிற கொழம்பையும் ரெண்டு வார்த்தையிலதான் எழுதுவீரு போல."

நான் சிரிக்கவில்லை. டம்ளரைப் பார்த்துக்கொண்டே இருந்தோம். ஒரு மணி நேரத்தில் அடியில் வெண்மையாக ஒரு படலம் தங்கியது. எங்கள் வீட்டு மொசைக் தரையில் எலுமிச்சைச் சாற்றைச் சிந்தி, அது நுரைத்து வெளுத்ததற்காக வசவு வாங்கியது நினைவுக்கு வந்தது. மேல்நீரைப் பைய வடித்துவிட்டு, அவர் பையிலிருந்து ஒரு பழத்தை எடுத்துப் பிழிந்தேன். குண்டூசித் தலை போன்ற குமிழ்கள் எழுந்தன.

செம்மண் புளிப்பில் நுரைக்காது; இது சுண்ணாம்பாக இருக்கலாம். வருடக்கணக்காகத் துளைகளை அடைத்திருந்தது அதிர்வில் உடைந்திருக்கலாம். 'இருக்கலாம்' என்பதை நான் எழுதுவதில்லை. கண்டதை மட்டும், முதல் முறையாகக் கட்டத்துக்கு வெளியே எழுதினேன்: "நிறம் வெள்ளை. வண்டலில் எலுமிச்சைச் சாறு பட நுரைத்தது. மண் தெரியவில்லை. ஆறு மணியிலிருந்து அளவு கூடவில்லை."

பதினொன்றரைக்கு வந்த பொறியாளர் அதைப் படித்துவிட்டு உள்ளே போனார். திரும்பி வர நாற்பது நிமிடம் ஆயிற்று. விரல்களெல்லாம் வெள்ளையாக இருந்தன.

"துளை வாயெல்லாம் சுண்ணாம்பு உடஞ்சு கெடக்கு. மதகு இப்படியே இருக்கட்டும். நீங்க மணிக்கொரு தடவை பாத்துக்கிட்டே இருங்க."

மச்சான் எழுந்து போய் முகம் கழுவினார்.

அளவு பிறகு நாற்பத்தொன்றுக்குத் திரும்பவேயில்லை. ஆனால் மறுநாள் ஆறு மணிக்குத் தகட்டின் திருகாணிகள் நீருக்குள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. மேலே வந்தபோது போன் அடித்தது; ஊர் திரும்பியிருந்த மச்சான்.

"என்ன எழுதினீரு மாப்ளே?"

"தெளிவு." அளவு இன்னும் பழைய இடத்துக்கு இறங்காததை நினைத்தபடி சொன்னேன்.

"பொறவு எதுக்கு வே இவ்வளவு மெதுவாச் சொல்லுதீரு?"