ஏறிப் பார்த்த வழிகள்

என் அக்காவுக்கு இரண்டு வேலை. வாரத்தில் ஆறு நாள் குடிநீர் அலுவலகத்துக்காக வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் எழுதுவாள். ஏழாவது நாள் காட்டுக்குள் சைக்கிளில் போய் வழி எழுதுவாள். முதல் வேலைக்குச் சம்பளம் உண்டு, இரண்டாவதற்குப் பெயர் உண்டு. சரளைப் பாதைகளில் சைக்கிள் விடுகிற கூட்டம் மொத்தமும் அவளை ‘மீட்டர் அக்கா’ என்றுதான் கூப்பிடும், அவளைவிடப் பத்து வயது மூத்தவர்கள்கூட. நான் அவளுடைய தம்பி. சைக்கிள் ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். என்னை ‘மீட்டர் அக்கா தம்பி’ என்பார்கள். என் மரியாதை அவ்வளவுதான்.

எங்கள் ஊரைச் சுற்றி மலை, மலை முழுக்க மரம். மரம் ஏற்றும் லாரிகளுக்காக எப்போதோ போட்ட சரளைப் பாதைகள் காட்டுக்குள் குறுக்கும் நெடுக்குமாக ஓடுகின்றன. எது எங்கே போய்ச் சேரும், எது பாதியில் பள்ளத்தில் முடியும் என்று ஒருவருக்கும் சரியாகத் தெரியாது. அக்கா ஒவ்வொன்றாகப் போய்ப் பார்த்து எழுதினாள். பதினோரு வருடத்தில் நாற்பத்தொரு வழிகள். அவற்றைச் சைக்கிள் கிளப்காரர்கள் இணையத்தில் போட்டார்கள். போனில் எடுத்துக்கொண்டு யார் வேண்டுமானாலும் போகலாம்.

சைக்கிளே இல்லாதவர்கள்கூட அவள் குறிப்புகளைப் படிப்பார்கள். ‘நாலாவது கிலோமீட்டர்: நாய் உண்டு. குரைக்கும். நாயின் சொந்தக்காரரும் குரைப்பார். இருவரும் கடிப்பதில்லை.’ ‘ஒன்பது: ஓடைப் பாலத்தில் மூன்றாவது பலகை ஆடும்.’ ‘பதினொன்று: பையில் ஏதோ தேடுவதுபோல் இங்கே நின்று மூச்சு வாங்கிக்கொள்ளலாம். யாரும் கண்டுபிடிக்க முடியாது.’ எல்லாம் மீட்டர் எழுதி வந்த பழக்கம். கண்ணால் பார்க்காத எண்ணை எழுதமாட்டாள். வீடு பூட்டியிருந்தால் உத்தேசமாக ஒன்றைப் போடு என்று மேலதிகாரி சொல்வார். இவள் மறுநாளும் போய் அதே கதவைத் தட்டுவாள்.

அவள் போட்ட வழிகள் எல்லாவற்றுக்கும் ஒரே ஒழுங்கு: ஏறுவது சரளையில், இறங்குவது தார் ரோட்டில். ஏன் அப்படி என்று கேட்டால், “ஏறும்போதுதான் காட்டைப் பாக்க முடியும். இறங்கும்போது கண்ணு ரோட்டுலதானே இருக்கும்” என்பாள். கேட்டவர்கள் அசந்துபோவார்கள். நானும் அசந்துபோனவன்தான். தார் ரோட்டில்கூட அவள் பிரேக்கை விடாமல் பிடித்துக்கொண்டே வருவாள். இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை பிரேக் கட்டை மாற்றுவேன். “இதை வண்டிக்குப் போடறியா, இல்ல சாப்பிடறியா?” என்று கேட்டுக்கொண்டே மாற்றுவேனே தவிர, எதனால் இப்படித் தேய்கிறது என்று யோசித்ததில்லை. ரிப்பேர்க்காரன் என்று பெயர் வேறு.

போன மழை ஓய்ந்த மறு வாரம் மருந்துக்கடைக்காரர் விழுந்தார். ஐம்பது வயதுக்குமேல் ஆசைப்பட்டு என் கடையில் சைக்கிள் வாங்கியவர். அவர் போனது அக்காவின் பத்தொன்பதாவது வழி, ஆனால் தலைகீழாக. போனில் ஒரு பொத்தானைத் தொட்டால் வழி திரும்பிக்கொள்ளும். ஏற்றம் தாருக்குப் போய்விடும், இறக்கம் சரளைக்கு வந்துவிடும். அந்தப் பாதையின் நடுவில் லாரிகள் நுழையாமலிருக்க ஓர் இரும்புச் சங்கிலி கட்டியிருக்கிறது. கீழிருந்து ஏறினால் நேர்ப்பாதை, சங்கிலி வெகு தூரத்திலேயே கண்ணில் படும். மேலிருந்து இறங்கினால் ஒரு வளைவு, வளைவு முழுக்க மர நிழல், அந்த நிழலுக்குள் சங்கிலி. வந்த வேகத்திலேயே போய் மோதினார். தோள்பட்டை எலும்பும் விலாவில் இரண்டும் உடைந்தன.

கிளப்பில் எல்லோரும் ஒரே குரலில் பேசினார்கள். வழியைத் திருப்பிப் போட்டது அவர், வேகமாக வந்தது அவர், அக்கா மேல் ஒரு தப்பும் இல்லை. நானும் கூடச் சேர்ந்து தலையாட்டினேன். அக்கா மட்டும் தலையாட்டவில்லை.

அவர் வீடு அவள் மீட்டர் எழுதுகிற தெருவில்தான் இருந்தது. சமையலறை ஜன்னலுக்குக் கீழே குனிந்து மீட்டரைப் பார்த்து எழுதிக்கொண்டு, அப்படியே உள்ளே போனாள். வளைந்துபோன சைக்கிளை எடுத்து வர நானும் போயிருந்தேன். மூன்று தலையணையை அடுக்கிச் சாய்ந்திருந்தார் மனிதர். கோபப்பட்டு இரண்டு வார்த்தை திட்டியிருந்தால் நன்றாயிருந்திருக்கும். அவர் அடிபடாத கையால் போனை எடுத்து எங்களுக்குக் காட்டினார். அக்காவின் குறிப்பு. ‘சங்கிலி உண்டு. தூரத்திலிருந்தே தெரியும், கவலை வேண்டாம்.’

“இதைப் படிச்சிட்டுத்தாம்மா போனேன். நீங்க எழுதினா சரியாத்தான் இருக்கும்னு பிரேக்கை விட்டுட்டேன்” என்றார்.

குற்றம் சொல்லும் குரலே இல்லை. அவர் மனைவி டீ கொண்டுவந்து, அக்காவின் முகத்தைப் பார்க்காமல் வைத்துவிட்டுப் போனார். அந்த டீயை அக்கா குடிக்கவில்லை. நான் இரண்டையும் குடித்தேன், அங்கே வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

கடைக்கு வந்ததும் ஸ்டூலில் உட்கார்ந்தாள். “எல்லாத்தையும் எடுத்துடச் சொல்லு.”

“எதை?”

“நாப்பத்தொண்ணையும்.”

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. “உனக்கென்ன பைத்தியமா? பாத்தே, தெரிஞ்சுது, எழுதினே. இதுல உன் தப்பு என்ன இருக்கு?”

“கீழேருந்து பாத்தேன். மேலேருந்து நான் பாத்ததே இல்லடா. எந்த வழியிலயும் சரளையில நான் இறங்கினதே இல்ல.”

எனக்குப் புரியவில்லை. அவள் தன் இடது மணிக்கட்டைத் தடவிக்கொண்டிருந்தாள். “பன்னெண்டு வருஷம் முன்னாடி மாடிப்படியில விழுந்து கை உடைஞ்சுதே. அது மாடிப்படி இல்ல. காட்டுல இறங்கும்போது விழுந்தேன். பள்ளத்தோட விளிம்புல போய்க் கிடந்தேன். ரெண்டு மணி நேரம் அந்தப் பக்கம் ஒரு ஆள் வரல. அன்னிலேருந்து சரளையில இறங்கணும்னா எனக்குக் காலு நடுங்குது.”

அந்தக் கை குணமாகும்வரை ஆறு வாரம் அவளுக்குச் சாதம் பிசைந்து கொடுத்தவன் நான். அதோடு விட்டேனா, அந்த மாடிப்படிக்கு இரும்பில் கைப்பிடி வேறு போட்டுக் கொடுத்தேன். ஒரு பாவமும் அறியாத மாடிப்படி அது.

“அப்போ ஏறும்போது காட்டைப் பாக்கலாம்னு சொன்னதெல்லாம்?”

“அதுவும் நெஜந்தான். ஆனா அதனால இல்ல.”

அவளுக்கு இருந்த நெருக்கடி இதுதான். வழிகளை எடுத்துவிட்டால் பதினோரு வருடம் போச்சு, அவள் வெறும் மீட்டர் எழுதுகிறவள். எடுக்காமல் விட்டால் இன்னொருவர் அவளை நம்பி இன்னொரு சங்கிலியில் விழுவார். திருத்தி எழுதலாமென்றால் ஒவ்வொன்றிலும் இறங்கிப் பார்க்க வேண்டும், அதுதான் அவளால் ஆகாத காரியம். கிளப்காரர்களை இறங்கிப் பார்க்கச் சொல்லலாமே என்றேன். “அவங்க வேகமா போயிடுவாங்க. பலகை ஆடறதெல்லாம் அவங்களுக்கு எங்கே தெரியப் போகுது?” என்றாள்.

ஒரு வாரம் என்னோடு சரியாகவே பேசவில்லை. சனிக்கிழமை கடையை மூடும்போது வந்தாள். “நாளைக்கு உன் லோடு வண்டியில என்னையும் சைக்கிளையும் மேல கொண்டுபோய் விடறியா?”

“இறங்கப் போறியா?”

“நடந்து இறங்கப் போறேன்.”

“யாராவது பாத்தா என்ன சொல்லுவே?”

அவளுக்கும் அதே கவலைதான் என்று முகத்தில் தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமை கிளப்காரர்கள் இல்லாத பாதையே கிடையாது.

வண்டியை மேலே நிறுத்திவிட்டு நானும் கூட நடந்தேன். என் முழங்கால் வழியெல்லாம் என்னைத் திட்டியது. அக்கா சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தாள், உருட்டும்போதும் பிரேக்கில் விரல். நூறடிக்கு ஒரு தரம் நின்று எழுதினாள். தண்ணீர் அரித்த பள்ளம், புரளுகிற கல், ஈர இலை. சங்கிலி வளைவுக்கு வந்ததும் கண்ணைக் கூர்மையாக்கிக்கொண்டு மெதுவாகப் போனாள். சங்கிலி அங்கேதான் இருக்கிறது என்பது எங்கள் இருவருக்கும் நன்றாகத் தெரியும். அப்படியிருந்தும் அது கண்ணில் பட்டபோது பன்னிரண்டே அடி மிச்சமிருந்தது. அவள் அடியெண்ணிப் பார்த்தாள். திரும்பிப் போய் இன்னொரு தடவை எண்ணினாள். பிறகு சைக்கிளைக் கீழே சாய்த்துவிட்டு, பக்கத்திலேயே உட்கார்ந்து அழுதாள். என் முன்னால் அழுகிற ஆளில்லை அவள். எனக்கு என் கைகளை எங்கே வைத்துக்கொள்வதென்றே தெரியவில்லை.

அந்த நேரம் பார்த்து மேலிருந்து கிளப்காரர்கள் ஆறு பேர் வந்தார்கள். விபத்துக்குப் பிறகு அந்த வளைவில் எல்லோரும் மெதுவாகத்தான் வருவார்கள். முன்னால் வந்தவர் ஒரு வங்கி ஊழியர், குரலுக்கு மைக் தேவையில்லாத மனிதர். “என்ன மீட்டர் அக்கா, உக்காந்துட்டீங்க? பஞ்சரா?”

ஆமாம் என்று சொல்ல நான் வாயெடுத்தேன். ரிப்பேர்க்காரன் சொன்னால் யார் சந்தேகப்படப் போகிறார்கள்? அதற்குள் அக்கா எழுந்துவிட்டாள்.

“இல்லப்பா. வண்டி நல்லாத்தான் இருக்கு. எனக்குச் சரளையில இறங்கப் பயம். பன்னெண்டு வருஷமா பயம். இறங்காமயே உங்களுக்கெல்லாம் வழி எழுதிக் குடுத்துட்டேன். இப்போ நடந்து பாத்து எழுதறேன்.”

ஒருவரும் சிரிக்கவில்லை. வங்கி ஊழியர் தன் ஹெல்மெட்டைக் கழற்றித் திரும்பவும் மாட்டிக்கொண்டார்.

“நாப்பத்தொரு வழியிலயுமா?” என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

“ஆமா.”

“நடந்தேவா?”

“நடந்தேதான்.”

ஒவ்வொருவராகச் சைக்கிளைத் தூக்கிச் சங்கிலியைக் கடந்தார்கள். கடைசியாக நின்றவர் பள்ளிக்கூட டீச்சர், கிளப்பிலேயே வேகமாக ஏறக்கூடியவர். மற்றவர்கள் கொஞ்ச தூரம் போகட்டும் என்று காத்திருந்துவிட்டு அக்காவின் அருகே வந்தார்.

“அக்கா, இதுக்கு மேல ரெண்டு பாறைக்கு நடுவுல ஒரு வளைவு இருக்கே. அதுல நான் ஒவ்வொரு தடவையும் இறங்கித் தள்ளிட்டுதான் வர்றேன். போட்டோ எடுத்தேன், அதான் லேட்டுன்னு இவங்ககிட்ட சொல்லிட்டிருக்கேன். அதையும் எழுதுங்க.”

அக்கா துப்பட்டாவால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “அந்த வளைவை நான் சரியா பாக்கலையே. வா, காட்டு.”

இருவரும் மேலே போனார்கள். நான் பாறையில் உட்கார்ந்து முழங்காலை நீவிக்கொண்டிருந்தேன். என்னிடம் மறைத்தாளே என்று ஒரு வாரமாக மனதில் வைத்திருந்த கோபத்தைத் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. அவர்கள் திரும்பி வர முக்கால் மணி நேரம் ஆயிற்று. இருவருமே நடந்துதான் வந்தார்கள்.